கலுங்குப் பலகையும் கிகாஹெர்ட்ஸும்

மதுரைப் பக்கத்துப் பழைய கண்மாய்கள் சிலவற்றில், நிறைந்த தண்ணீர் வழிந்தோடும் கலுங்கில் ஏறி நின்றால், தளத்தின் மேல் வரிசையாக நட்ட குத்துக்கற்களைப் பார்க்கலாம். இன்று அவை துணி துவைக்கவும் ஆட்டைக் கட்டவும் உதவுகின்றன. நட்டவர்கள் நட்டது வேறொரு வேலைக்கு. ஐப்பசி, கார்த்திகை வெள்ளமெல்லாம் வடிந்து, இனிப் பெரிய மழை இல்லை என்று ஊர் முடிவுகட்டிய பிறகு, கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே பலகை செருகி, வைக்கோலும் மண்ணும் வைத்து அடைப்பார்கள். மறுகால் போக வேண்டிய தண்ணீர் கண்மாய்க்குள்ளேயே நிற்கும். முழுமட்டத்துக்கு மேல் பிடித்துவைத்த அந்தக் கொஞ்சம்தான் அறுப்புக்கு முந்தைய பயிருக்குக் கடைசித் தண்ணி.

மதர்போர்டின் பயாஸ் திரையில் புராசசரின் பெருக்கியை 37-இலிருந்து 45-க்கு ஏற்றி, விற்ற வேகத்துக்கு மேல் ஓட்டும் ஓவர்கிளாக்காரர் செய்வதும் இதுவேதான் என்றால் விவசாயியும் சிரிப்பார், கணினிக்காரரும் சிரிப்பார். நானும் முதலில் வேடிக்கையாகத்தான் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ஒப்புமை எங்கே முறியும் என்று காத்திருந்தேன். முறிய வேண்டிய இடங்கள் சிலவற்றில் அது இன்னும் இறுகியது.

இரண்டுக்கும் மூன்று மட்டங்கள் உண்டு. கண்மாய்க்குக் கலுங்குத் தளம், பெருவெள்ளத்தில் தண்ணீர் ஏறக்கூடிய உச்சம், அதற்கும் மேலே கரையின் தலை. சிப்புக்கு அடிப்படை வேகம், டர்போவில் அது தானாகவே எட்டும் வேகம், வெப்பம் 100 டிகிரியை ஒட்டியதும் தன்னைத் தானே இழுத்துப் பிடித்துக்கொள்ளும் எல்லை. கலுங்குக்கும் கரைத் தலைக்கும் நடுவே உள்ள வெற்றிடம் சும்மா கிடப்பதாகத் தோன்றும். அது அலைக்கும் காற்றுக்கும், நம் ஆயுளில் ஒருமுறை வரும் மழைக்கும் ஒதுக்கியது. விற்ற வேகத்துக்கும் சிப் உண்மையில் தாங்கும் வேகத்துக்கும் நடுவே உள்ள இடைவெளியும் அப்படிப்பட்டதே. அதே ரகத்தில் பிறந்த நோஞ்சான் சிப்புக்கு, மட்டமான எஸ்எம்பிஎஸ்ஸுக்கு, தூசு அடைத்த விசிறிக்கு, ஐந்தாறு வருட முதுமைக்கு என்று அது முன்பே பங்கு பிரித்து வைத்தது. ஓவர்கிளாக் செய்பவர் புதிதாக எதையும் உண்டாக்குவதில்லை. அந்தப் பங்குகளில் தனக்குத் தேவைப்படாதவை எவை என்று கணக்குப் போட்டு எடுத்துக்கொள்கிறார். கணக்குத் தப்பினால் அது பாதுகாப்பான ஓவர்கிளாக் ஆகாது.

அந்தக் கணக்கு ஒரு காலத்தில் மிகச் சுலபமாக இருந்தது. 1998-இல் வந்த இன்டெல் செலரான் 300ஏ சிப்பை 66 மெகாஹெர்ட்ஸ் பஸ்ஸிலிருந்து 100-க்கு மாற்றினால் 300 மெகாஹெர்ட்ஸ் 450 ஆனது. ஒன்றரை மடங்கு! 2011-இல் வந்த ஐ5-2500கே, டர்போவில் 3.7 கிகாஹெர்ட்ஸ் என்று விற்கப்பட்டு, நல்ல ஹீட்சிங்க் இருந்தால் 4.5 வரை பலரிடம் ஓடியது. என் மாடி அறை மேசையிலும் வெகுகாலம் அந்தச் சிப்தான். பெயரின் கடைசியில் உள்ள 'கே', தயாரித்தவரே பூட்டைத் திறந்துவிட்டிருக்கிறார் என்பதற்கு அடையாளம். கலுங்கின் குத்துக்கல்லும் அதே அடையாளம். கட்டியவர்களே "தேவைப்பட்டால் இவ்வளவு ஏற்றிக்கொள்" என்று கல்லில் சொல்லிவைத்தது.

ஏற்றினால் என்ன விலை? இங்கேதான் எனக்கு முதல் ஆச்சரியம். தேங்கிய தண்ணீர் கரையைத் தள்ளும் விசை ஆழத்தின் வர்க்கத்தில் கூடுகிறது. ஆழம் பத்து விழுக்காடு கூடினால் தள்ளும் விசை 21 விழுக்காடு கூடும். சிப் குடிக்கும் மின்சாரமும் வோல்டின் வர்க்கத்தில் கூடுகிறது. வோல்ட் பத்து விழுக்காடு ஏறினால், வேகம் அதேயானாலும், வெப்பம் 21 விழுக்காடு ஏறும். வேகத்தையும் பத்து விழுக்காடு ஏற்றினால் மொத்தம் 33. மண்கரைக்கும் சிலிக்கானுக்கும் ஒரே வாய்ப்பாடு.

ஆனால் கிடைக்கும் பலனில் இரண்டும் எதிரெதிர்த் திசையில் போகின்றன. நம் கண்மாய்கள் ஆழமற்றவை, படுகை மெல்லச் சரிந்து விரிவது. ஆகவே மேலே ஏற ஏறப் பரப்பு அகலும்; அடியில் உள்ள ஓர் அடியைவிடத் தலையில் உள்ள ஓர் அடியில் தண்ணீர் பல மடங்கு அதிகம். பலகை வைத்துப் பிடிக்கும் அந்த மேல்தட்டுதான் கண்மாயின் மிகத் தாராளமான தட்டு. சிப்பில் தலைகீழ். முதலில் ஏற்றும் 300, 400 மெகாஹெர்ட்ஸ் வோல்டைத் தொடாமலேயே கிடைத்துவிடும். கடைசி 100 மெகாஹெர்ட்ஸ் கஞ்சன். என் மேசையிலிருந்தே கணக்குச் சொல்கிறேன்: 4.3 கிகாஹெர்ட்ஸை 1.25 வோல்ட்டில் ஓட்ட முடிந்தது, 4.5-க்கு 1.30 கேட்டது. ஐந்து விழுக்காடுகூட இல்லாத வேகத்துக்குப் பதிமூன்று விழுக்காடு கூடுதல் வெப்பம். கண்மாய்க்காரர் ஆசைப்படுவதில் நியாயம் இருக்கிறது. என் ஆசையில் அது இல்லை என்பதை அப்போது ஒப்புக்கொள்ள மனம் வரவில்லை.

இரண்டாவது உறவு கடைமடையில் இருக்கிறது. மடை திறந்ததும் தலைமடைக்காரர் வயலில் தண்ணீர் கொப்பளிக்கும். கடைமடையில் அதே நேரம் வாய்க்கால் நனைந்திருந்தால் பெரிது. பயாஸில் நாம் எழுதும் 1.30 வோல்ட் தலைமடைக் கணக்கு. எல்லாக் கோரும் ஒரே நேரத்தில் உழைக்கத் தொடங்கினால் கோரின் வாசலில் கிடைப்பது 1.26-ஆகவோ 1.24-ஆகவோ இருக்கும். சும்மா இருக்கையில் சரியாக நடக்கும் இயந்திரம் பளுவேறியதும் படுத்துவிடுவதற்குப் பாதிக் காரணம் இந்தக் கடைமடைப் பற்றாக்குறைதான். இதற்கு மதர்போர்டுகளில் லோட்லைன் கேலிபிரேஷன் என்று ஓர் அமைப்பு உண்டு; பளு ஏற ஏறத் தலைமடையில் அழுத்தத்தைக் கூட்டிக் கடைமடையை நிரப்பப் பார்க்கும். அதை உச்சத்தில் வைப்பவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். வாய்க்கால் நிறைய ஓடும்போது எல்லா வயல்காரரும் ஒரே நொடியில் மடையை மூடினால் என்ன ஆகும்? தண்ணீர் பின்னேறி வரப்பை உடைக்கும். பளு சட்டென்று விலகும் நொடியில் கோருக்குள் வோல்ட் அப்படித்தான் எகிறுகிறது, நாம் எழுதிய எண்ணையும் தாண்டி. நடு அளவில் வைத்து, கொஞ்சம் சரிவை ஏற்றுக்கொள்வதே நல்லது. வாய்க்காலைச் சரிவாக வெட்டியவர்களுக்கும் காரணம் இருந்தது.

இனி சோதனை. ஓவர்கிளாக்கின் உயிர்நாடி இதுதான், ஆனால் பலரும் பத்து நிமிடத்தில் முடித்துக்கொள்வதும் இதைத்தான். சினிபெஞ்ச் என்ற வேகச் சோதனை ஒருமுறை ஓடி முடிந்ததும் மதிப்பெண்ணைப் படமெடுத்து நண்பர்களுக்கு அனுப்பிவிட்டால், கலுங்கில் பலகை வைத்த அன்றே கரை நிற்கிறது என்று வீட்டுக்குப் போனது போல. கரைக்கு ஆபத்து நள்ளிரவில் வரும், மழை விட்ட பிறகும் வரும். வெள்ளக் காலத்தில் இரவெல்லாம் அரிக்கேன் விளக்கோடு கரையை நடந்தவர்கள் தேடியது மேலே வழியும் தண்ணீரை அல்ல. அது எவர் கண்ணுக்கும் தெரியும். அவர்கள் பார்த்தது கரையின் பின்புற அடியில் கசியும் தண்ணீரின் நிறத்தை. தெளிந்த கசிவு பரவாயில்லை, எந்த மண்கரையும் கொஞ்சம் கசியும். கலங்கலாக வந்தால் கரையின் மண்ணே கரைந்து வருகிறது, எலிவளையோ பழைய வேரோ உள்ளே குழாயாகிக்கொண்டிருக்கிறது என்று பொருள். அப்போதே மண்மூட்டையைத் தூக்க வேண்டும்.

கணினியில் அந்தக் கலங்கல் நீரைப் பார்க்கும் இடம் விண்டோஸின் நிகழ்வுப் பதிவேடு. புராசசர் தானே பிடித்துத் திருத்திக்கொண்ட பிழைகள் அங்கே 'வியா' என்ற தலைப்பில் வரிசையாக விழும். இயந்திரம் நிற்காது, விளையாட்டு தடைபடாது. எட்டு மணிநேரச் சோதனையைத் தாண்டிவிட்டதே என்று கொண்டாடுபவர் அந்தப் பதிவைத் திறந்து பார்ப்பதே இல்லை. நீலத்திரை என்பது கரை உடைந்த பிறகு. பதிவேட்டில் விழும் ஒற்றை வரி, கலங்கல் கசிவு.

பிரைம்95 என்ற நிரலை ஓவர்கிளாக்காரர்கள் சித்திரவதைக் கருவி என்பார்கள். அதன் பிறப்பு வேறு: மிகப் பெரிய மெர்சென் பகா எண்களைத் தேட 1996-இல் தொடங்கிய கிம்ப்ஸ் கூட்டு முயற்சிக்காக எழுதப்பட்டது. வாரக்கணக்கில் ஓடும் கணக்கில் ஓர் இலக்கம் பிசகினாலும் உழைப்பெல்லாம் பாழ் என்பதால், விடை முன்பே தெரிந்த கணக்குகளைக் கொடுத்து இயந்திரத்தை நம்பலாமா என்று அது முதலில் பார்த்துக்கொள்ளும். இதைத்தான் நான் பெரிதாக மதிக்கிறேன். சிப்பைச் சூடாக்குவது எளிது. சூட்டிலும் சரியான விடை சொல்கிறதா என்று கேட்பதே சோதனை. அதன் 'சிறிய எஃப்எஃப்டி' சோதனை கோரை வாட்டும். 'பிளெண்ட்' சோதனை நினைவகத்தையும் சேர்த்து இழுக்கும். நினைவகத்துக்குத் தனியாக மெம்டெஸ்ட்86 ஓட்டாமல் எல்லாப் பழியையும் புராசசர் மேல் போடுவது சங்கிலிக் கண்மாய்களில் கீழ்க்கண்மாய் உடைந்ததற்குக் கீழ்க்கண்மாய்க்காரரைத் திட்டுவது போன்றது. மேலே உடைந்து வந்த தண்ணீராக இருக்கலாம். ஏவிஎக்ஸ் கட்டளைகள் நிறைந்த பளுவையும் விட்டுவிடக் கூடாது; சிப்புக்குப் பெருமழை அதுதான். ஒரு நாளின் சராசரிக்கு எல்லாக் கலுங்கும் போதும். 2024 அக்டோபர் 25 பிற்பகலில் மதுரையில் கொட்டிய மழையில் செல்லூர்த் தெருக்கள் மூழ்கியபோது சராசரியை யார் கேட்டார்கள்?

என் தோல்வி ஒன்றைச் சொல்ல வேண்டும். 4.5 கிகாஹெர்ட்ஸுக்கு நான் சோதனை போட்டது ஒரு மார்கழி இரவில். அறை 25 டிகிரி. ஆறு மணிநேரம் பிரைம்95, உச்சம் 78 டிகிரி, ஒரு பிழையும் இல்லை. ஐந்து மாதம் எல்லாம் நன்றாக நடந்தது. அக்னி நட்சத்திரத்தில் அக்கா மகளின் காதுகுத்து வீடியோவை ஏற்றுமதி செய்தேன். நாற்பதாவது நிமிடத்தில், மாமன் மடியில் பிள்ளை உட்கார்ந்திருக்கும் காட்சியில், திரையை அறுத்துக்கொண்டு ஒரு பச்சைப் பட்டை. எடிட்டிங் மென்பொருளைத் திட்டிக்கொண்டே மறுபடி ஏற்றுமதி செய்தேன். இம்முறை பட்டை பந்தியில். மூன்றாம் முறை மொய் எழுதும் இடத்தில். மென்பொருளின் பிழை என்றால் ஒரே இடத்தில் வரும். இடம் மாறி மாறி வருவது இயந்திரம் தடுமாறுவதன் கைரேகை. பிரைம்95-ஐத் திறந்தேன், பதினோராவது நிமிடத்தில் மூன்றாவது கோர் ரவுண்டிங் பிழை என்று சொல்லி நின்றது. மற்ற மூன்றும் ஓடிக்கொண்டே இருந்தன. வெப்பம் 90. எல்லைக்குள்தான். ஆனால் சிப் சூடேறச் சூடேற அதே வோல்ட்டில் அது நிதானமாகத் தாங்கும் வேகம் இறங்கும். ஹீட்சிங்க் சிப்பை அறையின் காற்றைவிட இத்தனை டிகிரி மேலே என்றுதான் வைத்திருக்கும். மொட்டைமாடிக்குக் கீழே இருக்கும் அறை 37 ஆனால் சிப்பும் பன்னிரண்டு படி மேலே.

இதில்தான் இரண்டுக்கும் இடையிலான மிக அழகான எதிர்ச்சமன்பாடு தெரிந்தது. கண்மாயின் தேர்வு ஐப்பசியில், சிப்பின் தேர்வு சித்திரையில். ஒன்றுக்குச் சோதனையான பருவம் மற்றதற்கு அமைதிக் காலம். கரைக்காரர் தண்ணீர் வடிந்த பிறகே பலகை வைத்தார். ஆபத்தின் பருவம் கழிந்ததா என்று பார்த்துவிட்டே மிச்சத்தில் கைவைத்தார். நான் குளிர்ந்த மாதத்தில் சோதித்து, வெயிலிலும் அதே மிச்சம் இருக்கும் என்று நம்பினேன். மதுரையில் ஓவர்கிளாக் செய்பவர் மார்கழியில் சோதிப்பதாக இருந்தால், விசிறியையும் ஏசியையும் நிறுத்தி, கேபினட்டின் பக்கத் தகட்டை மூடி, கெட்ட நாளை அறைக்குள் வரவழைத்துச் சோதிக்க வேண்டும். இந்த வசதி கண்மாய்க்குக் கிடையாது. வேண்டும் நாளில் வெள்ளத்தைக் கூப்பிட்டுக் கரையைச் சோதித்துப் பார்க்க யாராலும் முடியாது. மண்டையில் அடித்துச் சொல்ல வேண்டிய வேறுபாடு இது: நமக்குக் கெட்ட நாள் கைவசம் இருக்கிறது, மின்கட்டணம் மட்டும்தான் விலை. 200 வாட் கூடுதலாக ஒரு நாள் முழுக்க ஓடினாலும் 4.8 யூனிட்.

எச்சரிக்கையில் கண்மாய்க்காரர் பக்கமே நியாயம் அதிகம். வைகை அணையின் முழு உயரம் 71 அடி. 66 அடியில் கரையோர மக்களுக்கு முதல் எச்சரிக்கை, 68.5-இல் இரண்டாவது, 69-இல் மூன்றாவது. கடைசி இரண்டு அடியைத் தொடும் முன்பே மூன்று எச்சரிக்கையும் சொல்லியாகிவிடும். சிப்புக்கும் படிப்படியான காவல் உண்டு, ஆனால் அது வாய் திறவாது. 100-ஐ ஒட்டியதும் வேகத்தைச் சத்தமில்லாமல் குறைத்துக்கொள்ளும், திரையில் 4.5 என்று நம்பிக்கொண்டு 3.9-இல் ஓட்டிக்கொண்டிருப்போம். எச்டபிள்யூஇன்ஃபோ போன்ற நிரலைப் பக்கத்தில் திறந்துவைத்து, கடந்தகால உச்சத்தைப் படிப்பது இதனால்தான். நான் 85-ஐ என் 69-ஆவது அடி என்று வைத்துக்கொண்டேன்.

எல்லை யாருடையது என்ற கேள்வியில் ஒப்புமை முறிகிறது. பெரியாறு அணை 152 அடிக்குக் கட்டியது. 1979-இல் நீர்மட்டம் 136 அடிக்கு இறக்கப்பட்டது. பலப்படுத்தும் வேலைகளுக்குப் பிறகு 2014-இல் உச்ச நீதிமன்றம் 142 அடி வரை தேக்கலாம் என்றது. சில அடிகளுக்காக இரு மாநிலங்கள் பல்லாண்டு வாதாடியதன் பின்னால், மேலே ஏற்றுபவரும் கீழே குடியிருப்பவரும் வேறுவேறு மக்கள் என்ற எளிய உண்மை இருக்கிறது. சின்னக் கண்மாயிலும் பலகை வைத்தால் நீர்ப்பிடிப்பில் உழுதவரின் வயல் மூழ்கும், ஆயக்கட்டுக்காரரின் வயல் செழிக்கும். அதனால் பலகை ஊர்க்கூட்டத்தின் விஷயம். என் மேசையில் ஏற்றுபவனும் மூழ்குபவனும் நானே. அந்தத் தனிமைதான் என்னை அசட்டையாக்கியது என்று நினைக்கிறேன். பலகையை எடுக்கச் சொல்ல எதிரில் ஒருவர் இல்லை.

பலகையை எடுப்பது மட்டும் இரண்டிலும் ஒன்றுபோல் எளிது. மண்வெட்டியால் நாலு கொத்து. அல்லது மதர்போர்டின் காசு அளவு பேட்டரியைக் கழற்றிச் சற்றுப் பொறுத்து மாட்டினால் பயாஸ் பழைய எண்ணுக்குத் திரும்பும். எடுக்க முடியாதது தேய்மானம். கூடுதல் வோல்ட்டும் வெப்பமும் சிப்புக்குள் உள்ள நுண்கம்பிகளின் அணுக்களை மெல்ல மெல்ல நகர்த்தும். அலை கரையை அரிப்பது போல, ஒரு நாளில் தெரியாது. நாம் ஏற்றாமலேயே இது நடக்கலாம் என்பதற்கு இன்டெலின் 13, 14-ஆம் தலைமுறை டெஸ்க்டாப் சிப்புகள் சாட்சி. மைக்ரோகோடு தேவைக்கு மீறிய வோல்ட் கேட்டதால் பல சிப்புகள் தளர்ந்தன. 2024-இல் நிறுவனம் திருத்தம் வெளியிட்டு, உத்தரவாதத்தை இரண்டு ஆண்டு நீட்டித்தது. அதில் ஒரு விந்தை: பலருடைய திரையில் முதலில் தோன்றியது, வீடியோ நினைவகம் போதவில்லை என்ற செய்தி. கிராபிக்ஸ் கார்டைக் குறை சொன்னார்கள். கசிவு ஒரு வயலில் ஊற்றெடுக்கும், வளை கரையில் வேறெங்கோ இருக்கும்.

ஊரே கூடிக் கண்மாயைப் பராமரிக்கும் குடிமராமத்தின் பாடத்தையும் நான் தாமதமாகத்தான் கற்றேன். பலகை வைப்பதற்கு முன் வண்டலை அள்ளினாலே கண்மாய் கூடுதலாகப் பிடிக்கும். ஹீட்சிங்கின் தகடுகளுக்கிடையே கம்பளிபோல் படிந்திருந்த தூசைத் தட்டி, காய்ந்துபோன பேஸ்ட்டைத் துடைத்துப் புதிதாகத் தடவியதில் ஒன்பது டிகிரி இறங்கியது. பிறகு 4.3, 1.25 வோல்ட். காதுகுத்து வீடியோ நாலாம் முறை சுத்தமாக வந்தது.

இப்போது மேசையில் ஒரு ரைசன். பலகை வைக்கும் வேலையை இந்தச் சிப்புகள் தாமே எடுத்துக்கொண்டுவிட்டன. வெப்பம், வோல்ட், மின்னோட்டம் மூன்றையும் ஒரு நொடிக்குள் பலமுறை அளந்து ஏற்றி இறக்கும் நீர்பாய்ச்சி ஒருவர் உள்ளேயே உட்கார்ந்திருக்கிறார். எனக்கு மிஞ்சியது தலைகீழ் வேலை: ஒவ்வொரு கோருக்கும் வோல்டைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, அதே வேகத்தைக் குளிர்ச்சியாகப் பெறுவது. இதிலும் ஒரு வினோதம். எட்டு மணிநேரம் முழுப் பளுவில் அசையாமல் நின்ற இயந்திரம், யாருமே தொடாத அதிகாலை மூன்று மணிக்குத் தானே அணைந்து எழுந்திருந்தது. குறைந்த வோல்ட்டின் தடுமாற்றம் முழுப் பளுவில் தெரிவதில்லை. ஏதோ ஒரு சின்ன வேலைக்காக ஒற்றைக் கோர் மட்டும் தூக்கத்திலிருந்து உச்ச வேகத்துக்குத் துள்ளும் நொடியில்தான் தெரியும். கோர்சைக்ளர் நிரலை வைத்து ஒவ்வொரு கோராகத் தனியே எழுப்பிச் சோதித்துக்கொண்டிருக்கிறேன்.

பளு இல்லாதபோது வெளிப்படும் இந்தப் பலவீனம் கண்மாய்க்கும் உண்டு. திருமங்கலம் பக்கத்துக் கரிசல் கரைகளைக் கோடையில் போய்ப் பார்த்தால், ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லாத கண்மாயின் கரையில் கை நுழையும் அளவுக்கு வெடிப்பு ஓடியிருக்கும். நிறைந்திருக்கையில் கம்மென்று நின்ற கரைதான் அது. அடுத்த மழையின் முதல் தண்ணீர் அந்த வெடிப்பைத் தேடித்தான் வரும்.